லீவு நாள்லயும் சாரணர் ட்ரூப் கலையாம இருக்க: ஆன்லைன் மீட்டிங் முழுமையான வழிகாட்டி

ஸ்கூல் நடக்குற நாள்ல ட்ரூப் மீட்டிங் நடத்துறது பெரிய விஷயமே இல்ல, கடைசி பெல் அடிச்சதும் பசங்க ஸ்கார்ஃபை மாட்டிக்கிட்டு கிரவுண்டுக்கு வந்துடுவாங்க. சிக்கல் எப்பன்னா மார்ச்ல பப்ளிக் எக்ஸாம் சென்டர்னு கிரவுண்டுக்குள்ள விடமாட்டாங்க, அது முடிஞ்சா கோடை லீவு, அப்புறம் அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் விடியக்காலைல கலெக்டர் அறிவிப்பு வருதான்னு டிவி முன்னாடி உக்காந்திருக்குற மழை லீவு. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தா வருஷத்துல பாதி மீட்டிங் காணாம போயிடுது. ஜூன்ல திரும்ப வரும்போது பாதி பசங்க கிரிக்கெட் கோச்சிங், மீதில பாதி நீட் பவுண்டேஷன் கிளாஸ்னு போயிருப்பாங்க.

கொரோனா சமயத்துல எட்டாம் கிளாஸ் வரைக்கும் உள்ள பசங்க 2020 மார்ச்ல வீட்டுக்குப் போனவங்க 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திரும்ப ஸ்கூல் வாசலை மிதிச்சாங்க. அந்த இடைவெளில சில ட்ரூப் மொத்தமா செத்துப்போச்சு, சிலது தாக்குப்பிடிச்சுது. தாக்குப்பிடிச்ச ட்ரூப் என்ன பண்ணுச்சுன்னு பார்த்தா ஒரே ஒரு விஷயம்தான்: அவங்க ஸ்க்ரீன்ல ஸ்கவுட்டிங் சொல்லிக்கொடுக்கல, ஸ்க்ரீன்ல வேலையைக் கொடுத்துட்டு அந்த வேலையை மொட்டை மாடில, அடுப்படில, தெருவுல பண்ண வச்சாங்க. திரும்ப ஸ்க்ரீனுக்கு வந்தது அதைக் காட்டுறதுக்கும் பேசுறதுக்கும் மட்டும்தான். கீழே சொல்லப்போற எல்லாமே இந்த ஒண்ணை எப்படி நடைமுறைக்குக் கொண்டு வர்றதுங்கறதைப் பத்திதான். நம்ம பாரத் ஸ்கவுட்ஸ் அண்ட் கைட்ஸ் முறைல நடக்குற ஸ்கூல் ட்ரூப்பை மனசுல வச்சு எழுதுறேன். பொண்ணுங்க பிரிவை நடத்துற கைட் கேப்டன்களுக்கும் அப்படியே பொருந்தும்.

படி 1: மொதல்ல போன் யார் கைல இருக்குன்னு கண்டுபிடிங்க

ஆப் எது, பிளாட்ஃபார்ம் எதுன்னு ஆரம்பிக்காதீங்க. முதல் வேலை ஒரு சின்ன கணக்கெடுப்பு, ஒரு நோட்டு எடுத்து ஒவ்வொரு பையன் பேருக்கும் நேரா நாலு விஷயம் எழுதுங்க. வீட்டுல ஸ்மார்ட்போன் எத்தனை, அது யாரோடது, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும், அதே போனுக்கு வேற யாரு போட்டி. நம்ம ஊர்ல பெரும்பாலும் போன் அப்பாவோடது, அப்பா வேலை முடிஞ்சு ஏழு ஏழரைக்கு வந்தாத்தான் போன் வரும், வந்ததும் அக்காவுக்கு டியூஷன் கிளாஸ் இருக்கும். நீங்க சனிக்கிழமை காலை பத்து மணின்னு மீட்டிங் வச்சா வசதியான வீட்டுப் பசங்க மட்டும் வருவாங்க, மத்தவங்க "நமக்கு இது இல்ல போல"ன்னு மெதுவா ஒதுங்கிடுவாங்க, அதை உங்ககிட்ட வந்து சொல்லவும் மாட்டாங்க.

கணக்கெடுப்புல மூணு வகை கிடைக்கும். வீடியோ வர முடிஞ்சவங்க, வாய்ஸ் கால் மட்டும் முடிஞ்சவங்க, பட்டன் போன் மட்டும் இருக்குறவங்க. உங்க ப்ளானை எப்பவும் மூணாவது ஆளை வச்சு போடுங்க. அவனால செய்ய முடியுற டாஸ்க்னா மத்த எல்லாராலயும் முடியும்.

டேட்டா விஷயமும் இதுல வருது. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பிளான்ல ஓடுற வீடுகள்ல, எல்லாரும் கேமரா போட்டு ஒரு மணி நேரம் பேசினா அதுல பெரும்பகுதி காலி. அதனால கேமரா கட்டாயம்னு ரூல் போடாதீங்க. ஏதாவது செஞ்சு காட்டும்போது மட்டும் ஆன் பண்ணட்டும், மத்த நேரம் ஆஃப்.

படி 2: பாதுகாப்பு, இதை முடிக்காம ஒரு லிங்க்கும் அனுப்பாதீங்க

உலக சாரணர் அமைப்புக்கு சேஃப் ஃப்ரம் ஹார்ம்னு ஒரு கொள்கையே இருக்கு, அதோட சாரம் நம்ம ஊருக்கு ரொம்ப எளிமையா சொல்லணும்னா, பெரியவங்க ஒருத்தர் ஒரு குழந்தையோட தனியா இருக்கக்கூடாது. ஆன்லைன்ல தனியா இருக்குறதுன்னா என்ன? பெர்சனல் சாட், தனி வீடியோ கால், "நீ மட்டும் லைன்ல இரு"ன்னு மீட்டிங் முடிஞ்சப்புறம் பேசுறது, எல்லாமே அதுதான். எவ்வளவு நல்ல எண்ணமா இருந்தாலும் வேண்டாம். ஏதாவது தனியா பேசணும்னா அம்மாவோ அப்பாவோ லைன்ல இருக்கும்போது பேசுங்க.

ஒவ்வொரு மீட்டிங்லயும் ரெண்டு பெரியவங்க இருக்கணும். ஸ்கவுட் மாஸ்டர் ஒருத்தர், அசிஸ்டன்ட் இல்லன்னா இன்னொரு டீச்சரோ ஒரு பேரன்ட்டோ. ரெண்டாவது ஆள் பேச வேண்டியதுகூட இல்ல, ஓரமா மியூட்ல இருந்தா போதும்.

பெற்றோர்கிட்ட சம்மதம் எழுத்துல வாங்குங்க. 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயசுக்குக் கீழ இருக்குறவங்க தகவலைக் கையாள பெற்றோர் சம்மதம் வேணும். சட்டத்தை விடுங்க, ஒரு அம்மாவுக்கு தன் பொண்ணோட போட்டோ எந்தெந்த குரூப்புக்கு போகுதுன்னு தெரியணும்ல. என்ன ஆப், என்ன நேரம், யார் யார் இருப்பாங்க, போட்டோ எங்க போடுவோம் போடமாட்டோம், இவ்வளவும் ஒரு பக்கத்துல தமிழ்ல எழுதி கையெழுத்து வாங்கிட்டா முடிஞ்சுது.

மீட்டிங்க ரெக்கார்ட் பண்ணாதீங்க. லிங்க்கை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்லயோ ஃபேஸ்புக்லயோ போடாதீங்க, ஆப்ல வெயிட்டிங் ரூம் இருந்தா ஆன் பண்ணுங்க, ஸ்க்ரீன் ஷேர் ஹோஸ்ட் மட்டும்னு வைங்க, உள்ள வர்றவங்க "ரெட்மி நோட்"ன்னு வராம பேரும் பேட்ரோலும் (ட்ரூப்புக்குள்ள இருக்குற சின்ன குழு) போட்டு வரட்டும், இல்லன்னா யாரை உள்ள விடுறோம்னே தெரியாது. பசங்களுக்கு 1098 நம்பரை முதல் மீட்டிங்லயே சொல்லிக்கொடுங்க, ஸ்கூல்லயோ வீட்டுலயோ ஆன்லைன்லயோ யாராவது தொந்தரவு பண்ணா குழந்தைகளே நேரா கூப்பிடலாம், காசு கிடையாதுன்னு. அதை மனப்பாடம் பண்ண வச்சதே ஒரு ஸ்கவுட்டிங் வேலைதான்.

படி 3: ட்ரூப்பை விடுங்க, பேட்ரோலைப் பிடிங்க

இதுதான் முக்கியமான இடம், இங்க கொஞ்சம் நின்னு பேசுவோம்.

முப்பது பேரை ஒரே ஸ்க்ரீன்ல வச்சா என்ன நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும். சார் பேசுவார், நாலு பேர் பதில் சொல்வாங்க, மீதி பேர் மியூட் போட்டுட்டு ஃப்ரீ ஃபயர் ஆடுவாங்க. அது மீட்டிங் இல்ல, இன்னொரு ஆன்லைன் கிளாஸ், அது ஏற்கனவே பசங்களுக்கு வெறுத்துப்போன சமாச்சாரம். சாரணர் இயக்கத்தை ஆரம்பிச்ச பேடன் பவல் 1907-ல பிரவுன்சீ தீவுல இருபது பசங்களை வச்சு முதல் கேம்ப் போட்டப்பவே அவங்களை நாலு சின்ன பேட்ரோலா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பையனையே லீடரா போட்டார். இருபது பேருக்கே அப்படின்னா முப்பது பேரை ஒரு போன்ல அடைக்கிற நமக்கு எப்படி?

நம்ம முறைல ஒரு பேட்ரோலுக்கு 6 முதல் 8 பேர். இந்த சைஸ் வாட்ஸ்அப் குரூப் காலுக்கு அளந்து வெட்டுன மாதிரி இருக்கு. அதனால அமைப்பை இப்படி மாத்துங்க: வாரத்துக்கு ஒரு பேட்ரோல் கால், பதினஞ்சு இருபது நிமிஷம், வாய்ஸ் மட்டும், நடத்துறது பேட்ரோல் லீடர். ரெண்டு வாரத்துக்கு ஒரு ட்ரூப் மீட்டிங், நாற்பது நிமிஷம், வீடியோ. மாசத்துக்கு ஒரு கோர்ட் ஆஃப் ஹானர், பேட்ரோல் லீடர்களும் நீங்க ரெண்டு பெரியவங்களும் மட்டும், அடுத்த மாசம் என்னன்னு முடிவு பண்றது அங்கதான். முடிஞ்சா மாசம் ஒரு நாள் நேர்ல, ஒரு பார்க்லயோ கோயில் மைதானத்துலயோ, பத்து பேர் வந்தாக்கூட போதும்.

பேட்ரோல் கால்ல பெரியவங்க ரெண்டு பேர் வேணுமேன்னு கேப்பீங்க. ஆமா வேணும், அந்தந்த பேட்ரோல்லயே ரெண்டு பேரன்ட்டை சுழற்சி முறைல கேட்டு வச்சுக்கோங்க, அவங்க பக்கத்துல உக்காந்து காதுல வாங்கிட்டிருந்தா போதும், நடுவுல புகுந்து "டேய் ஒழுங்கா சொல்லுடா"ன்னு அதட்டக்கூடாது, இதை அவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. இது சொல்றதுக்கு ஈஸி, அப்பாக்களை அடக்குறது கொஞ்சம் கஷ்டம்.

பேட்ரோலுக்குள்ள பொறுப்பு பிரிச்சுக் கொடுங்க. லீடர், அவனுக்கு அடுத்த ஆளான செகண்ட் ஏற்கனவே இருப்பாங்க. எழுதுறவன் ஒருத்தன், யார் என்ன செஞ்சான்னு நோட்டுல குறிக்கிறது அவன் வேலை. சாமான் பொறுப்பாளன் ஒருத்தன், அடுத்த வாரத்துக்கு கயிறு, அட்டை, டார்ச்னு என்ன வேணும்னு ரெண்டு நாள் முன்னாடி வாய்ஸ் மெசேஜ் போடுறவன். புதுசா ஒரு பொறுப்பு சேர்க்கணும்: "காணாம போனவனைத் தேடுறவன்". கால்ல வராதவன் யாரோ அவன் வீட்டுக்கு நேர்ல போய் இல்லன்னா பட்டன் போனுக்கு அடிச்சு என்ன நடந்ததுன்னு சொல்லி அவன் டாஸ்க்கை வாங்கிட்டு வர்றது. ஒரு ட்ரூப்ல இந்த ஒரு வேலை ஒழுங்கா நடந்தா பசங்க உதிர்றது பாதியா குறையும்னு நான் அடிச்சு சொல்வேன். ஏன்னா சார் போன் பண்ணி "ஏம்ப்பா வரல"ன்னா பயம், கூடப்படிக்கிறவன் வாசல்ல வந்து நின்னா வெக்கம், வெக்கம்தான் நல்லா வேலை செய்யும்.

வருகைப் பதிவை லாகின் வச்சு எடுக்காதீங்க, டாஸ்க் வச்சு எடுங்க. உள்ள வந்து மியூட்ல தூங்கினவன் ஆப்சென்ட், உள்ளயே வராம முடிச்சு போட்டு பக்கத்து வீட்டு அண்ணன் போன்ல போட்டோ அனுப்பினவன் பிரசென்ட்.

படி 4: நாற்பது நிமிஷத்தை எப்படி செலவு பண்றது

ஜூம் இலவசத்துல குரூப் மீட்டிங் 40 நிமிஷத்துல தானா கட் ஆகும், கூகுள் மீட் ஒரு மணி நேரம் விடும், வாட்ஸ்அப் வீடியோ கால்ல 32 பேர் வரைக்கும் சேரலாம். எதுவா இருந்தாலும் நாற்பதுக்கு மேல இழுக்காதீங்க, கட் ஆகுறது ஒரு வரம்னு வச்சுக்கோங்க. என்னைக் கேட்டா பசங்க வீட்டுல ஏற்கனவே வாட்ஸ்அப் இருக்கு, புது ஆப் இறக்கச் சொல்லி பாஸ்வேர்ட் மறந்து தாத்தா போன்ல ஸ்டோரேஜ் இல்லாமன்னு மூணு வாரம் போயிடும், அதனால சின்ன ட்ரூப்னா அதுலயே நடத்துங்க, வெயிட்டிங் ரூம் வேணும்னு நினைக்கிற பெரிய ட்ரூப் மட்டும் மத்ததுக்குப் போகட்டும்.

முதல் அஞ்சு நிமிஷம் ஓப்பனிங். யூனிஃபார்ம் முழுசா வேண்டாம், ஸ்கார்ஃபும் அதைக் கழுத்துல பிடிச்சு நிறுத்துற வாகிள் வளையமும் போதும், ஆனா அது கண்டிப்பா வேணும். அதை மாட்டும்போது பையன் மனசுல ஏதோ ஒண்ணு மாறுது, அது லுங்கிக்கு மேல மாட்டினாலும் சரி. இறைவணக்கமும் கொடிப்பாட்டும் சேர்ந்து பாடுறேன்னு எல்லாரையும் அன்மியூட் பண்ணாதீங்க, நெட்ல ஒவ்வொருத்தர் குரலும் ஒரு அரை நொடி முன்னப்பின்ன வந்து சந்தைக்கடை ஆயிடும். ஒரு பேட்ரோல்ல ஒருத்தர் பாடட்டும், மத்தவங்க மியூட்ல நின்னுக்கிட்டே வாயசைக்கட்டும், வாராவாரம் ஆள் மாறட்டும். நிக்கணும், கட்டில்ல படுத்துக்கிட்டு சல்யூட் கிடையாது.

அடுத்த பத்து நிமிஷம் போன டாஸ்க்கோட ரிப்போர்ட், பேட்ரோலுக்கு ரெண்டரை நிமிஷம், லீடர் பேசக்கூடாது, வேற ஒருத்தன் பேசணும். அதுக்கப்புறம் ஒரு விளையாட்டு ஏழெட்டு நிமிஷம். அடுத்து ஒரே ஒரு புது திறமை பன்னிரண்டு நிமிஷத்துக்குள்ள. கடைசில டாஸ்க் அறிவிப்பு, ஒரு நல்ல செயல் பகிர்வு, முடிவு. நல்ல செயலுக்கு பழைய பழக்கம் ஒண்ணு இருக்கு, ஸ்கார்ஃப் நுனில ஒரு முடிச்சு போட்டு வச்சு அன்னைக்கு ஒரு நல்லது செஞ்சப்புறம்தான் அவுக்குறது. மீட்டிங் நடுவுல "யாரு முடிச்சு இன்னும் அவுக்கல"ன்னு கேட்டா பசங்க ஓடிப்போய் அம்மாவுக்கு தண்ணிக்குடம் தூக்கிட்டு வந்து அவுப்பாங்க, அதுவும் நல்ல செயல்தான், கணக்குல சேர்த்துக்கோங்க.

குவிஸ் வச்சு இ-சர்டிஃபிகேட் கொடுக்குறதை தயவுசெஞ்சு விட்டுடுங்க. 2020-ல ஒவ்வொரு பையனும் இமெயில் நிறைய சர்டிஃபிகேட் சேர்த்தான், ஒரு கிளவ் ஹிட்ச் முடிச்சு போடத் தெரியல.

படி 5: ஸ்க்ரீனுக்கு வெளில நடக்குற வேலைகள்

இங்கதான் சரக்கே இருக்கு, ஒவ்வொண்ணா பார்ப்போம், எல்லாத்தையும் ஒரே மாசத்துல திணிக்க வேண்டாம்.

முடிச்சுகள். லீவு விடுறதுக்கு முன்னாடியே ஒவ்வொருத்தனுக்கும் ரெண்டு மீட்டர் பருத்திக் கயிறு கொடுத்து அனுப்புங்க, நைலான் கொடிக்கயிறு வழுக்கும், புதுசா கத்துக்கிறவனுக்கு முடிச்சு நிக்காது, அவன் தான் தப்பா போட்டோம்னு நினைச்சுப்பான். கயிறோட ஒரு முனையை பெயின்ட்லயோ ஸ்கெட்ச் பேனாவாலயோ கலர் அடிச்சுடுங்க, "இடது முனையை எடு"ன்னு சொன்னா ஸ்க்ரீன்ல இடது வலது குழம்பும், "சிவப்பு முனையை எடு"ன்னு சொன்னா குழம்பாது. நீங்க செஞ்சு காட்டும்போது போனை உங்க முகத்துக்கு நேரா வைக்காதீங்க, தலைக்கு மேல இருந்து கையைப் பார்க்குற மாதிரி வைங்க, ரெண்டு பெரிய டப்பா மேல ஒரு ஸ்கேலைக் குறுக்க வச்சு அதுல போனை சாய்ச்சா ஸ்டாண்டு ரெடி. அப்பதான் பையன் பார்க்குற கோணமும் அவன் கையோட கோணமும் ஒண்ணா இருக்கும்.

முடிச்சு தெரியுமான்னு கேட்காதீங்க, வேலை வாங்குங்க. கிளவ் ஹிட்ச்னா ஜன்னல் கம்பில போடு. ரீஃப் நாட்னா ஸ்கார்ஃபை தம்பி கைக்கு ஸ்லிங்கா கட்டி அதுல போடு, தட்டையா இருக்கும், உடம்புல உறுத்தாது, ஆனா வெயிட் தாங்குற இடத்துக்கு அதை நம்பாதேன்னும் சொல்லணும். ஒல்லிக் கயிறும் தடிக்கயிறும் சேர்க்கணும்னா ஷீட் பென்ட். போலைன்னா அரை பக்கெட் தண்ணியைக் கட்டித் தூக்கிட்டு இறக்கி வச்சு ஒரு கையால அவுத்துக் காட்டு. பக்கெட் டெஸ்ட் பசங்களுக்கு ரொம்ப பிடிக்கும், தண்ணி கொட்டினவன் வீட்டுல வாங்குற திட்டும் ட்ரெயினிங்ல சேர்த்தி.

கிம்ஸ் கேம். 24 பொருளை ஒரு நிமிஷம் பார்த்து 16-ஐயாவது ஞாபகம் வச்சு எழுதுற அதே பழைய ஆட்டம்தான். கேமரால தட்டைக் காட்டினா மங்கலா தெரியும், அதனால சத்தத்துல ஆடுங்க. ஒரு பேட்ரோல் அவங்க தெருவுல பத்து சத்தத்தை வாய்ஸ் மெசேஜா ரெக்கார்ட் பண்ணி அனுப்பணும், இன்னொரு பேட்ரோல் கண்டுபிடிக்கணும். கிரைண்டர், இடியாப்பக்காரர் ஹாரன், கிணத்து ராட்டினம், டவுன் பஸ் ரிவர்ஸ் எடுக்குறது, தவளைன்னு வரும். டேட்டா ஒண்ணுமே ஆகாது, காது திறக்கும். கேமரா இல்லாதவன் இந்த ஆட்டத்துல சரிசமம்.

உயரம் அளக்குறது. வெயில் நாள் சாயங்காலம் ஒரு மீட்டர் குச்சியை நேரா நட்டு அதோட நிழலை அளக்கணும், அதே நேரத்துல தென்னை மரத்தோட நிழலையும் அளக்கணும். குச்சி நிழல் 80 செ.மீ., மரத்து நிழல் 9.6 மீட்டர்னா மரம் 12 மீட்டர். ஒவ்வொரு பேட்ரோலும் அவங்க ஏரியாவுல ஒரு தண்ணி டேங்க், ஒரு மரம், ஒரு கோபுரம் அளந்துட்டு வரட்டும். கூடவே தெருவோட ஸ்கெட்ச் மேப், நடையால அளந்தது, வடக்கு குறிச்சது, ஃபயர் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, அடிபம்பு, நைட் திறந்திருக்குற மெடிக்கல் எல்லாம் போட்டது. பட்டன் போன் பையன் பேப்பர்ல வரைஞ்சு தேடுறவன்கிட்ட கொடுத்து அனுப்பலாம்.

நட்சத்திரம். இது எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஏன்னா தூரதூரமா இருக்குற பசங்க ஒரே நேரத்துல ஒரே பொருளைப் பார்க்குறாங்க. மாசி மாசம் ராத்திரி எட்டு மணிவாக்குல மொட்டை மாடில நின்னா வேட்டைக்காரன் கூட்டம், அதாங்க ஓரியன், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல இருக்கும், நடுவுல வரிசையா மூணு நட்சத்திரம் பெல்ட். அந்த மூணுல நடு நட்சத்திரத்துல இருந்து தலைப்பக்கமா ஒரு கோடு இழுத்து அப்படியே கீழ வரைக்கும் கொண்டு போனா வடக்கு. புத்தகத்துல துருவ நட்சத்திரத்தைப் பாருன்னு போட்டிருக்கும், ஆனா நம்ம ஊர்ல அது ரொம்பத் தாழ்வா இருக்கும், சென்னைல அடிவானத்துல இருந்து 13 டிகிரி, நாகர்கோவில்ல வெறும் 8 டிகிரி. கையை நீட்டி முஷ்டியைப் பிடிச்சா அதோட அளவு சுமார் 10 டிகிரி, அவ்வளவு உயரத்துலதான் தேடணும், பக்கத்து வீட்டு சின்டெக்ஸ் டேங்க் மறைச்சுடும். அதனாலதான் ஓரியன். வாய்ஸ் கால்ல எல்லாரும் மாடில, கூட வீட்டுப் பெரியவங்க ஒருத்தர், கைப்பிடிச்சுவர் இல்லாத மாடின்னா தெருவுல நின்னு பார்க்கட்டும்.

முதலுதவி. கட்டு போடுறது, ஸ்லிங், தீக்காயத்துக்கு ஓடுற தண்ணி, மூக்குல ரத்தம் வந்தா தலையை முன்னாடி சாய்க்கிறது, பாம்பு கடிச்சா இறுக்கிக் கட்டாம கீறாம அசையாம வச்சு 108-க்கு அடிக்கிறது, இதெல்லாம் நாடகமா நடிக்க வைங்க. ஒரு பேட்ரோல் சூழ்நிலையைச் சொல்லட்டும், இன்னொண்ணு வீட்டுல இருக்குறவங்களை நோயாளியாக்கி செஞ்சு காட்டட்டும், பாட்டிகள் அருமையா நடிப்பாங்க. சிபிஆர் மட்டும் ஸ்க்ரீன்ல சொல்லிக்கொடுத்துட்டு முடிஞ்சதுன்னு டிக் போடாதீங்க, நிமிஷத்துக்கு 100 முதல் 120 அழுத்தம்ங்கற தாளத்தை தலகாணில பழக்கலாம், மிச்சம் நேர்ல பொம்மை வச்சுதான்.

மழைக்கான பை. நவம்பர் 7 நம்ம அமைப்போட நிறுவன நாள், 1950-ல அன்னைக்குத்தான் பாரத் ஸ்கவுட்ஸ் அண்ட் கைட்ஸ் உருவாச்சு, அது சரியா வடகிழக்குப் பருவமழை நேரத்துல வருது. அந்த வாரத்து டாஸ்க்கா ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அவசரப் பை தயார் பண்ண வைங்க: ரேஷன் கார்டு ஆதார் நகல் பிளாஸ்டிக் கவர்ல, டார்ச், பவர் பேங்க், விசில், ஓஆர்எஸ், வீட்டுல யாராவது தினம் சாப்பிடுற மாத்திரை, குடிதண்ணி பாட்டில், கொஞ்சம் சில்லறை. பை மேல 1070, 1077 எழுதணும், முதலாவது மாநிலக் கட்டுப்பாட்டு அறை, ரெண்டாவது மாவட்டம். அப்புறம் தெருவுல தனியா இருக்குற வயசானவங்க யாருன்னு பார்த்து அவங்க வீட்டுக்கும் ஒண்ணு. "தயாராக இரு"ன்னு மாசம் பூரா சொல்றதைவிட இந்த ஒரு பை போதும்.

சமையல், மொட்டை மாடில பழைய சேலை வச்சு டென்ட், டார்ச்ல மோர்ஸ் இதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதுக்கு நான் தனியா சொல்ல வேண்டாம். கேம்ப் ஃபயர் மட்டும் ஒரு வார்த்தை. லைவ்ல நாடகம் போட்டா நெட் விட்டு விட்டு வந்து ஜோக்கு செத்துடும், ஸ்கிட்டை பேட்ரோலா முன்னாடியே ரெண்டு நிமிஷ வீடியோவா எடுத்து வச்சுக்கட்டும், லைவ்ல யெல்லும் (பேட்ரோல் கோஷம்) கிளாப்பும் மட்டும். லைட்டை அணைச்சுட்டு ஒரு அகல் விளக்கு போதும், வீட்டுக்குள்ள விறகு எரிக்கிற வீரம் வேண்டாம்.

படி 6: சோபான் டெஸ்ட், பேட்ஜ் கணக்கு

பிரவேஷ், பிரதம சோபான் (சாரணர் பயிற்சியோட முதல் படிகள்) பாடத்துல நிறைய வீட்டுலயே பழகலாம், துவிதிய சோபான்லயும் கொஞ்சம். ஆனா பழகுறது வேற, பாஸ் போடுறது வேற. ஆன்லைன்ல பார்த்ததுக்கு லாக் புக்ல பென்சில் டிக், நேர்ல ஒரு தடவை பார்த்தப்புறம் பேனா டிக், இப்படி வச்சுக்கிட்டா யாருக்கும் சண்டை வராது. ஹைக், கேம்ப், வெளில சமைக்கிறது இதெல்லாம் ஸ்க்ரீன்ல நடந்ததா எழுதவே கூடாது. பெற்றோர் சில பேர் "சார் ராஜ்ய புரஸ்கார் விருது லேட் ஆயிடும், ரயில்வேல ஸ்கவுட் கோட்டா இருக்காமே"ன்னு அழுத்துவாங்க. கோட்டா இருக்குறது உண்மைதான், ஆனா பொய்யா டிக் போட்ட பையன் டெஸ்டிங் கேம்ப்ல லேஷிங் (கம்புகளைக் கயிறால சேர்த்துக் கட்டுறது) போடத் தெரியாம நிக்கிறப்போ அவமானம் அவனுக்குத்தான்.

படி 7: வெளியுலகத்தோட பேச விடுங்க

அக்டோபர் மூணாவது வார இறுதில ஜோட்டா-ஜோட்டி நடக்கும், ஹாம் ரேடியோலயும் இன்டர்நெட்லயும் உலகம் பூரா சாரணர்கள் பேசிக்கிற நிகழ்ச்சி. ரேடியோ பகுதி 1950-கள்ல இருந்தே இருக்கு, இன்டர்நெட் பகுதி 1997-ல இருந்து. மழைக்காலம் ஆரம்பிக்கிற நேரம்ங்கறதால நமக்கு சரியா அமையுது. பசங்களை சும்மா உள்ள விட்டா "ஹாய்", "வேர் ஆர் யூ ஃப்ரம்" தாண்டி போகாது. ஒவ்வொரு பேட்ரோலும் அஞ்சு கேள்வி தயார் பண்ணட்டும்: உங்க ஊர்ல முதலுதவிக்கு எந்த நம்பர், உங்க ஸ்கார்ஃப் என்ன கலர், மழை வந்தா மீட்டிங் என்ன பண்ணுவீங்க. இங்கிலீஷ் தயக்கம் உள்ளவனுக்கு கேள்வியை எழுதிக் கையில கொடுங்க, படிச்சாப் போதும். முழுப்பேர், ஸ்கூல் பேர், போன் நம்பர் கொடுக்கக்கூடாதுங்கறதை மட்டும் அன்னைக்கு காலைல திரும்ப ஒரு தடவை சொல்லுங்க.

இதைத் தவிர பிப்ரவரி 22 திங்கிங் டே, பேடன் பவலுக்கும் அவர் மனைவி ஒலேவுக்கும் ஒரே தேதில பிறந்தநாள். ஆகஸ்ட் 1 ஸ்கார்ஃப் டே, அன்னைக்கு பழைய பசங்களையும் ஸ்கார்ஃபோட கால்ல சேர்த்துவிடுங்க, காலேஜ் போன அண்ணன் ஒருத்தன் வந்து பத்து நிமிஷம் பேசினா அது நீங்க பத்து மீட்டிங் பேசினதுக்கு மேல.

படி 8: திரும்ப கிரவுண்டுக்கு வர்றப்போ

ஸ்கூல் திறந்த முதல் மீட்டிங்ல பாடம் எடுக்காதீங்க. கயிறைக் கொண்டு வரச் சொல்லி பென்சில் டிக் எல்லாத்தையும் ரிலே ரேஸா பார்த்துடுங்க, பேட்ரோலுக்குப் பேட்ரோல் போட்டி, ஒரு மணி நேரத்துல பாதி பேனா டிக் ஆயிடும். லீவுல வராதவங்க யாருன்னு தேடுறவன் நோட்டுல இருக்கும், அவங்களை அதே பேட்ரோல்லயே போடுங்க, புதுசா கலைச்சு அடுக்காதீங்க. நிறைய பேர் பண்ற காரியம் என்னன்னா ஸ்கூல் திறந்ததும் வாட்ஸ்அப் குரூப்பை கலைச்சுடுறது. வேண்டாம். வாரத்து பேட்ரோல் கால் மட்டும் அப்படியே ஓடட்டும், அடுத்த மழை லீவு அறிவிச்ச அன்னைக்கு சாயங்காலம் லீடர் யாரையும் கேட்காம அதே நேரத்துக்கு கால் போட்டுக்குவான், பெரியவங்க ரெண்டு பேர் யாருங்கற சுழற்சி லிஸ்ட் மட்டும் உங்ககிட்ட அப்டேட்டா இருக்கணும்.